உளிக்கு ஒரு கல், துப்பாக்கிக்கு ஒரு பூட்டு

லீ என்ஃபீல்டு ரைபிளின் கட்டை தோளில் பதிகிற இடத்தில் ஓர் உலோகத் தகடு இருக்கும். அந்தத் தகட்டில் ஒரு சின்ன மூடி. விரலால் தள்ளினால் திறக்கும். உள்ளே குடைந்த பொந்தில் ஓர் எண்ணெய்ப் புட்டியும், நுனியில் பித்தளைக் குண்டு கோத்த கயிறும் கிடக்கும். நான்கு அங்குல நீளம், இரண்டு அங்குல அகலத்தில் கிழித்த பிளானல் துணியைக் கயிற்றின் வளையத்தில் செருகி, குண்டைக் குழலுக்குள் இறக்கி, மறுபக்கமாக இழுத்தெடுப்பார்கள். மலாயாவில் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பேராக் தோட்டங்களில் காவல் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிளுக்கு அப்படியொரு ரைபிள் கிடைத்திருந்தால், அதைப் பராமரிக்க அவனிடம் இருந்த கருவிகள் அவ்வளவுதான். திருப்புளி கிடையாது, சுத்தியல் கிடையாது. உள்ளுறுப்பில் ஏதாவது பழுதென்றால் ஆர்மரர் என்ற படைக்கலப் பணியாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

நான் தஞ்சோங் ரம்புத்தானை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் மரம் சீவினார்கள். நான் ஈப்போப் பட்டறைகளில் பிட்டராக, அதாவது இயந்திரப் பாகங்களை இழைத்துப் பொருத்துபவனாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் நாட்டில் பலருக்கு 1911இல் திறந்த மனநல மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். எங்கள் ஊர் இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கு என்றால் ஈயம் நினைவுக்கு வரும். எனக்கு நினைவில் நிற்பவை கைக்கருவிகள். இந்தப் பள்ளத்தாக்கின் கதையை ஈயத்தை வைத்தும் ரப்பரை வைத்தும் கம்யூனிஸ்டுப் போரை வைத்தும் எழுதிவிட்டார்கள். கருவியை வைத்துப் பார்த்தால் வேறொரு கணக்கு தெரிகிறது. எந்தக் கருவியை ஒரு தொழிலாளி தானே பார்த்து எடுக்கலாம், எது அவன் கையில் எண் போட்டுக் கொடுக்கப்படும், எதை வைத்திருந்தால் அவன் உயிர் போகும் என்ற கணக்கு அது.

இதை எழுத வைத்தது ஒரு கேள்வி. தொழிற்கல்லூரியில் படிக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன், "தாத்தா, அமெரிக்காவில் ரைபிள் பாகங்களை வாங்கி வீட்டு மேசையிலேயே பூட்டுகிறார்களாம். எந்த அரம் நல்லது, எந்தத் திருப்புளி நல்லது என்று அதற்கே தனிப் பேச்சாம். இங்கே ஏன் அப்படி யாரும் செய்வதில்லை?" என்று கேட்டான். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் விற்பனைக்கு ஆயுதம் செய்பவனைத்தான் உரிமம் வாங்கச் சொல்கிறது. தன் உபயோகத்துக்குச் செய்துகொள்பவனைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. சில மாநிலங்கள்தான் கட்டுப்படுத்துகின்றன. இங்கே மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி செய்யவும் கூடாது, பழுது பார்க்கவும் கூடாது. சட்டத்தைச் சொல்லி முடிக்க இரண்டு வரி போதும். ஆனால் அந்தச் சட்டம் எங்கள் லயங்களுக்குள் எப்படி நுழைந்தது என்பதைச் சொல்லாமல் அவனுக்குப் பதில் சொன்னதாக ஆகாது.

நம்மவர்கள் கப்பலேறும்போதே ஆயுதம் பறிக்கப்பட்டவர்கள். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட சில வாரங்களில், 1801 டிசம்பர் 1ஆம் தேதி, சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் பெயரில் ஒரு பிரகடனம் வந்தது. தென்பாளையங்களில் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்றது. பிறகு 1878இல் லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைக்க உரிமம் கேட்டு நிற்க வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு. பாளையக்காரர் காலத்தில் துப்பாக்கிக் குழலும் வேல்முனையும் அடித்த கொல்லனின் பேரப்பிள்ளைகளுக்கு ஏர்க்கொழுவும் அரிவாளும்தான் மிஞ்சின. தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கங்காணியோடு பினாங்கில் வந்து இறங்கியவர்களின் மூட்டையில் போர்க்கருவி எதுவும் இருந்திருக்க வழியில்லை.

அவர்கள் வந்து சேர்ந்த நிலம் அப்படிப்பட்டதல்ல. மலாய் உலகத்தில் துப்பாக்கி செய்வது பழைய கைத்தொழில். சுமத்திராவின் மினாங்கபாவ் மக்கள் தங்களுக்கு வேண்டிய ஆயுதங்களைத் தாங்களே செய்து அயலாருக்கும் கொடுத்தார்கள் என்று வில்லியம் மார்ஸ்டன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிவைத்தார். 1856இல் லொம்போக் தீவுக்குப் போன ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் அங்கே உள்ளூரில் செய்த நீளத் துப்பாக்கிகளைப் பார்த்து அசந்துபோனார். இவ்வளவு நேராகக் குழலைக் குடைய என்ன இயந்திரம் வைத்திருக்கிறீர்கள் என்று விசாரித்தபோது, கல் நிரப்பிய கூடை என்று பதில் வந்ததாம். நேரில் போய்ப் பார்த்தால், உண்மையிலேயே மூங்கில் கம்பும் இரும்பு முனையும் பாரத்துக்குக் கல் கூடையும்தான். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் ஒரு பிட்டராக எனக்கு உடம்பு சிலிர்க்கும். கருவி எளிமையாக இருக்க இருக்கக் கைக்குப் பொறுப்பு கூடும் என்பதை அந்தத் தீவுக்காரர்கள் எவ்வளவு அறிந்திருக்க வேண்டும்!

பேராக்கில் ஈயச் சுரங்கங்களுக்காக நடந்த லாருட் சண்டைகளின்போது பினாங்கு வழியாகத் துப்பாக்கிகள் வந்து குவிந்தன. பேராக்கைப் பிரிட்டிஷ் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த 1874 பங்கோர் ஒப்பந்தம், 1875இல் பிரிட்டிஷ் ரெசிடெண்டு ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச் கொலை, அதையடுத்த போர் என்று எல்லாம் முடிந்த பிறகு துப்பாக்கி அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. ரப்பர் வந்தபோது ஆயுதம் ஒரு பக்கத்திலும் உழைப்பு மறுபக்கத்திலும் ஏற்கெனவே பிரிந்து நின்றன.

உழைப்பின் பக்கத்துக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதைப் பற்றி யாரும் விரிவாகச் சொன்னதில்லை.

1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நட்டார்கள். அப்போது நட்டவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. ஆனால் மரம் இருந்தால் போதாது, பாலை எப்படி எடுப்பது என்று தெரிய வேண்டும். பிரேசிலில் சின்னக் கோடரியால் கொத்தினார்கள். கொத்திய இடத்தில் மரம் புண்ணாகி முடிச்சு விழும். சில ஆண்டுகளில் கொத்த இடமிருக்காது. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு 1888இல் இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி வேறு வழி கண்டார். பட்டையைக் கொத்தாமல், ஏற்கெனவே வெட்டிய வாயின் கீழ் விளிம்பை மெல்லச் சீவித் திறந்தால், அதே புண்ணிலிருந்து மறுபடியும் பால் வரும். மேலே பட்டை புதிதாக வளர்ந்துகொண்டே வரும். மலாயாவின் ரப்பர்ச் செல்வம் முழுவதும் இந்த ஒரு கண்டுபிடிப்பின்மேல் நிற்கிறது.

இதற்கென்று தனிக் கருவி அப்போது இல்லை. குதிரைக் குளம்பு சீவும் லாடக்காரன் கத்தியையும் தச்சனின் குழியுளியையும் எடுத்துத்தான் ஆரம்பித்தார்கள். பிறகு இலங்கையிலும் மலாயாவிலும் துரைமார்கள் ஆளுக்கொரு வடிவம் செய்து தங்கள் பெயரை அதற்கு வைத்தார்கள். மிச்சி கோல்லெட்ஜ் கத்தி அப்படி நிலைத்த ஒன்று. மலாயாவில் ஜெபோங் என்ற வளைமுனைக் கத்தி பரவியது. பெயர்களில் பலவும் துரைமார்களுடையவை. எந்த வளைவு கைக்கு ஒத்துவரும் என்று நாள்தோறும் ஒவ்வொரு மரமாகச் சோதித்தவர்களோ சீவியவர்கள். அவர்களுடைய பெயரில் ஓர் உளி கூட இல்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத குறை.

பட்டையின் மொத்தக் கனமே சில மில்லிமீட்டர்தான். பால் ஓடும் குழாய்கள் அதன் உட்பாகத்தில் நெருங்கி இருக்கின்றன. அவற்றுக்கும் உள்ளே, மரத்தை வளர்க்கிற மெல்லிய படலம். உளி குழாய்களைத் திறக்க வேண்டும், படலத்தைத் தொடக் கூடாது. இடையில் விடவேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவு. இதை விடியுமுன் இருட்டில், நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், நெறை என்று ஆளுக்கு ஒதுக்கிய நூற்றுக்கணக்கான மரங்களில் செய்ய வேண்டும். ஏன் விடியுமுன்? வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்கும், மரத்துக்குள் அழுத்தம் குறையும், பால் ஓட்டம் தளரும். பட்டறையில் நுண்ணளவுக் கருவியை வைத்துக்கொண்டு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பார்த்தவன் நான். என் அம்மாவிடம் இருந்த அளவுகோல் அவருடைய மணிக்கட்டு மட்டுமே.

இந்தக் கருவியை ஒவ்வொருவரும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். இழுத்துச் சீவுவதா, தள்ளிச் சீவுவதா என்பது முதல் கேள்வி. புதிய மரத்தில் வெட்டு தாழ்வாக இருந்தால் குனிய வேண்டும். ஏற ஏற உடம்பின் நிலை மாறும், பிடி மாறும். இடக்கைப் பழக்கம் உள்ளவர் படும் பாடு தனி. எஃகு நல்லதா என்று அப்பா உளியைச் சுண்டி ஓசை கேட்பார்; பிறகு வாயை வெளிச்சத்துக்கு எதிரே திருப்பிப் பார்ப்பார். விளிம்பில் வெள்ளைக் கோடு மின்னினால் அது மழுங்கல். கூர்வாய்க்கு மின்னல் கிடையாது. புதுப் பிடியை அப்படியே வைத்துக்கொள்ள மாட்டார். கண்ணாடிச் சில்லால் சுரண்டித் தன் உள்ளங்கைக்கு ஒத்தபடி இளைத்துக்கொள்வார். அம்மாவின் உளியை அவர் எடுக்க மாட்டார், அவருடையதை அம்மா எடுக்க மாட்டார்.

தீட்டுவது மாலை வேலை. வளைவின் உட்புறத்துக்கு முக்கோண அரமும் மெல்லிய கல்லும், வெளிப்புறத்துக்குத் தட்டைக் கல். கல்லில் தண்ணீர் காயக் கூடாது. மழுங்கிய உளி குழாயை வெட்டாமல் நசுக்கும். நசுங்கிய குழாய் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மங்கு என்ற கிண்ணத்தில் பால் குறையும். அதிகக் கூராகத் தீட்டி அழுத்திவிட்டாலோ மரத்தில் காயம். கங்காணி வந்து காயத்தை எண்ணுவார், திட்டுவார், கூலியில் பிடிப்பதும் உண்டு. ஆகவே கூர்மைக்கும் ஓர் அளவு வைத்திருந்தார்கள். பிட்டர் வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் இரும்புக் கட்டியை அரத்தால் ராவி நேர்ச் சதுரம் ஆக்கச் சொன்னார்கள். மற்ற பையன்கள் திணறியபோது எனக்குக் கை உடனே ஒத்துழைத்தது. அரத்தை எங்கே அழுத்த வேண்டும், எங்கே தூக்க வேண்டும் என்பதை எங்கள் லயத்துத் திண்ணையில் பார்த்தே வளர்ந்திருந்தேன்.

துப்பாக்கி மறுபடியும் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தது ஜப்பான்காரன் காலத்தில். 1941 டிசம்பர் கடைசியில் ஈப்போ விழுந்தது. கம்பாரில் டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை சண்டை நடந்தது. ஜனவரி 7இல் சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் இந்தியப் படை சிதறியது. ஓடியவர்கள் போட்டுவிட்டுப் போன ரைபிள்களைக் காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுச் சீனப் போராளிகள் பொறுக்கிக்கொண்டார்கள். 1945இல் பிரிட்டனின் 136ஆம் படைப்பிரிவு விமானத்திலிருந்து இன்னும் போட்டது. போர் முடிந்ததும், 1945 டிசம்பரில், அந்தப் போராளிகளின் ஜப்பானிய எதிர்ப்புப் படையைக் கலைத்து, ஆளுக்கு 350 வெள்ளி கொடுத்து ஆயுதங்களைத் திருப்பி வாங்கினார்கள். எல்லாம் திரும்பி வரவில்லை. எண்ணெய் தடவிக் காட்டில் புதைத்து வைத்தவை 1948இல் வெளியே வந்தன.

எங்கள் ஊருக்கு வடக்கே செம்மோர், அதைத் தாண்டினால் சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16ஆம் தேதி காலையில் அங்கே எல்ஃபில் தோட்டத்தில் தோட்டத் துரை ஆர்தர் வாக்கர் கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டார். சற்று நேரத்தில் வேறொரு தோட்டத்தில் ஜான் அலிசனும் அவருடைய இளம் உதவியாளர் இயன் கிறிஸ்டியனும். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். அது முடிய 1960 ஜூலை 31 வரை ஆயிற்று.

தோட்டங்களைக் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களை அவசரமாகச் சேர்த்தார்கள். பெரும்பாலும் மலாய் இளைஞர்கள். பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ஆட்சி அப்போதுதான் முடிந்திருந்தது; அங்கே வேலையிழந்த போலீஸ் சார்ஜண்டுகள் நூற்றுக்கணக்கில் இங்கே பயிற்றுநர்களாக வந்தார்கள். நேற்றுவரை வயலில் நின்ற பையன் கையில் இன்று ரைபிள். அவனுக்குக் கற்றுத்தந்தது சுடவும் துடைக்கவும். துடைப்பது சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்துப் .303 தோட்டாவின் எரிபொட்டு வெடித்ததும் குழலுக்குள் உப்புப் படியும். கிந்தாவின் ஈரக் காற்றில் அந்த உப்பு ஒரே இரவில் துருவாகும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. ஆகவே முதலில் கொதிநீர் ஊற்றி, பிறகு துணி, பிறகு எண்ணெய். காட்டுப் போருக்கென்று 1944 முதல் செய்த நீளம் குறைந்த ஐந்தாம் எண் ரைபிள் பழையதைவிட ஏறக்குறைய ஒரு கிலோ இலேசு. தூக்க வசதி. ஆனால் தோளில் பலமாக உதைக்கும். குறி நிலைக்கவில்லை என்ற புகாரும் இருந்தது.

அந்தத் துப்பாக்கியின் ஆணியையோ திருகையோ அதை ஏந்தியவன் தொடக் கூடாது என்றேன். அதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. ஒவ்வொரு லீ என்ஃபீல்டின் போல்ட்டிலும் அந்தத் துப்பாக்கியின் எண் பொறித்திருக்கும். ஒன்றின் போல்ட்டை இன்னொன்றில் மாட்டினால் தோட்டாவுக்கும் போல்ட்டின் முகத்துக்கும் உள்ள இடைவெளி மாறும். வெடிக்கும்போது அது ஆபத்து. அதைச் சரிபார்த்துச் சேர்ப்பது அளவு ஊசிகளோடு உட்கார்ந்திருக்கும் ஆர்மரரின் வேலை. அவருடைய திருப்புளியின் முனை திருகின் காடிக்குள் வெளிச்சம் புகாதபடி உட்காரும், ஒரு கீறல் விழாது. பட்டறையில் நான் கண்ட மூத்த கைகளில் அந்த ஒழுங்கை அறிந்தவர்கள் இருந்தார்கள். தொழிலாக அதை மதிக்கிறேன். ஆனால் தொழில்நுட்பம் மட்டும் காரணமல்ல. கொடுத்த ஆயுதம் கொடுத்தவனுடையது, கொடுக்கப்பட்டவனுடையது அல்ல என்பதையும் அந்த விதி நாள்தோறும் நினைவூட்டியது. பொழுது விடிந்தால் எண்ணி வாங்கிப் பூட்டி வைப்பார்கள்.

எங்கள் லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. அடையாள அட்டை வந்தது. 1950இல் வந்த ஜெனரல் பிரிக்ஸின் திட்டப்படி லட்சக்கணக்கான சீனர்களைப் புதுக்கிராமங்களில் குடியேற்றினார்கள். தோட்டத் தொழிலாளர்களையும் சுரங்கத் தொழிலாளர்களையும் ஒரே இடத்தில் சேர்த்து வேலிக்குள் வைத்தார்கள். காலையில் வாயிலில் சோதனை. அப்பாவும் அம்மாவும் அதைச் சொல்லும்போது குரல் மாறும். வாளியைக் கவிழ்ப்பார்கள், துணியைத் தடவுவார்கள். தேடியது அரிசியை. காட்டுக்குள் உணவு போகக் கூடாது என்பது திட்டம். டின்களைக் கடையிலேயே துளைத்துக் கொடுப்பதும், அரிசியை ஒரே சமையற்கூடத்தில் ஆக்கிச் சோறாக மட்டும் தருவதும் அதற்காகத்தான். சோறு நாளைக்கு நிற்காது, காட்டுக்குப் போனாலும் கெட்டுவிடும். எஃகு வாய் வைத்த உளி, கழுத்தை அறுக்கும் அளவு கூரானது, ஒவ்வொரு கையிலும் வாயிலைக் கடந்து போயிற்று. அதை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பால் நின்றுபோகும்.

துப்பாக்கி மட்டும் வேறு. 1948 அவசரகால விதிகளின்படி உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்தாலே மரண தண்டனை, சுட்டிருக்க வேண்டியதில்லை. அந்த விதி ஒரு தமிழனின் கழுத்தில் எப்படி இறங்கியது என்பதை மலேசியத் தமிழர்கள் மறக்க மாட்டார்கள். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் எஸ். ஏ. கணபதி. இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். 1948 ஜூனில் சம்மேளனத்தின் பதிவை ரத்து செய்தார்கள். 1949 மார்ச்சில் ரவாங் பக்கம் வாட்டர்ஃபால் தோட்டத்தருகே கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் கணபதி பிடிபட்டார். மார்ச் மாதத்திலேயே தீர்ப்பு. இந்திய அரசாங்கம் வேண்டிக் கேட்டது. மலாயா இந்தியக் காங்கிரசின் முதல் தலைவரும், மலாயாவில் அப்போது இந்தியாவின் பிரதிநிதியாக இருந்தவருமான ஜான் திவியும் முயன்றார். பயனில்லை. 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் கணபதியைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தைய நாள்தான் தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

கணபதியைக் குற்றவாளி என்றவர்களும் உண்டு, தியாகி என்றவர்களும் உண்டு. கூலி உயர்வு கேட்டவரை, சுடாத ஒரு துப்பாக்கிக்காகத் தூக்கிலிட்டது அநீதி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. லயங்களில் அந்தச் சாவு என்ன செய்தது என்பதை நான் பெரியவர்களின் பேச்சிலிருந்து அறிவேன். துப்பாக்கி என்ற சொல்லையே பிள்ளைகள் முன் சொல்ல மாட்டார்கள். எங்கள் பெரியப்பா எதையும் பழுது பார்க்கும் கைக்காரர். சைக்கிள், தையல் இயந்திரம், பெட்ரோமாக்ஸ் விளக்கு எல்லாம் அவரிடம் வரும். எப்போதோ காட்டோரத்தில் ஒரு துருப்பிடித்த குழல் கிடந்ததாம். தொடாமல் திரும்பி நடந்து, நேராகத் தோட்டக் கணக்கரான கிராணியிடம் சொன்னாராம். நல்ல எஃகு என்று கண்ணுக்குத் தெரிந்தது, கை போகவில்லை என்பார்.

கிந்தாவில் துப்பாக்கியைத் தாங்களே கேட்டு வாங்கியவர்களும் இருந்தார்கள். ஈயச் சுரங்க முதலாளிகளான சீனர்கள் 1952இல் கிந்தா பள்ளத்தாக்கு ஊர்க்காவல் படையை அமைத்துத் தங்கள் சுரங்கங்களைத் தாங்களே காத்தார்கள். பணமும் அரசாங்கத்தின் நம்பிக்கையும் இருந்தால் ஆயுதம் வரும் என்பதற்கு அது சான்று. தோட்டத் தமிழனிடம் இரண்டும் இல்லை.

அவசரகாலம் முடிந்த அதே 1960இல் ஆயுதச் சட்டம் வந்தது. 1971இல் தண்டனைகளைக் கூட்டும் இன்னொரு சட்டம். அதன் கீழ், குற்றம் செய்கையில் கொல்லும் நோக்கோடு சுட்டால் கட்டாய மரணம் என்றிருந்தது; ஆயுதம் கடத்தினாலும் மரண தண்டனை விதிக்கலாம். கட்டாய மரண தண்டனையை நாடாளுமன்றம் நீக்கியது 2023இல்தான். இடைப்பட்ட காலத்தில் பன்றி விரட்ட உரிமம் பெற்ற ஒற்றைக் குழல் துப்பாக்கி வைத்திருந்த சிறு தோட்டக்காரர்களை எனக்குத் தெரியும். அதன் குதிரை சிக்கினால் என்னிடம் கொண்டுவந்து "கொஞ்சம் பாருங்கண்ணே" என்பார்கள். உரிமம் பெற்ற கடைக்குக் கொண்டுபோகச் சொல்லி அனுப்பிவிடுவேன். செய்யத் தெரியாமல் அல்ல. பிட்டரின் கைக்கு அதில் புதிராக எதுவும் இல்லை. சட்டத்தை மீறக் கூடாது என்பது ஒரு காரணம். இடைவெளி தவறினால் பிடிப்பவன் முகம் சிதறும் என்பது இன்னொரு காரணம். லயத்தில் கேட்ட அந்தப் பேச்சு மூன்றாவது.

அந்தப் பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். அமெரிக்காவில் வீட்டு மேசையில் ரைபிள் பூட்டுபவனுக்கு அது பொழுதுபோக்கு. அவனுடைய நாட்டின் பிறப்பே துப்பாக்கியோடு கலந்தது. இங்கே ஆயுதம் எந்த வீட்டுக்குள் வந்தாலும் அதன் பின்னாலேயே சாவு வந்தது. அந்தத் தடையை நான் குறையாக நினைக்கவில்லை. உலு கிந்தாவில் போலீஸின் பொது நடவடிக்கைப் படை முகாம் இருக்கிறது, ஆயுதங்கள் அங்கே கணக்கோடு இருக்கட்டும். எனக்குள்ள வருத்தம் வேறு. காவல்காரனின் துப்பாக்கிக்கு எண் உண்டு, பதிவேடு உண்டு, எந்த ஆண்டு எந்தத் தொழிற்சாலையில் செய்தது என்பது அதன்மேலேயே பொறித்திருக்கிறது. இந்த நாட்டுக்குச் சோறு போட்ட உளிக்கு அப்படி எதுவும் இல்லை.

தஞ்சோங் ரம்புத்தானைச் சுற்றி இருந்த ரப்பர் காடுகளில் பல வீடுகளாகவும் செம்பனையாகவும் மாறிப்போயின. சீவியவர்களின் பிள்ளைகள் ஈப்போவிலும் புந்தோங்கிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். பரணில் எங்காவது ஓர் உளி கிடக்கும். அதை எடுத்துப் பாருங்கள். பிடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, இழுப்புக் கத்தியா தள்ளு உளியா, வாய் எவ்வளவு கரைந்திருக்கிறது, கொல்லன் அடித்ததா கடையில் வாங்கியதா, யார் எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டுவரை பிடித்தது என்று ஒரு தாளில் எழுதி அதனோடு கட்டி வையுங்கள். தைப்பிங்கில் 1883இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம் இருக்கிறது. பத்து வீட்டு உளிகள், பத்துத் தாள்களோடு, தீட்டுக்கல்லும் முக்கோண அரமும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுக்க நான் தயாராக இருக்கிறேன். அப்பாவுடையதும் அம்மாவுடையதும் ஏற்கெனவே எழுதி முடித்தாயிற்று.